படித்தவை 37, ஒதுக்கியவை 3

கோப்பில் 40 வரிகள் இருந்தன. நிரல் ஓடி முடித்ததும் வந்த அறிக்கை "படித்தவை 37, ஒதுக்கியவை 3" என்றது. 37-உம் 3-உம் சேர்ந்தால் 40. கூட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு நகர்ந்துவிடுவேன். இரண்டு மாதம் அப்படித்தான் ஓடியது. கடைசியில், வேறு ஒரு வேலையாக அந்த அறிக்கையைப் பார்க்க நேர்ந்த சக ஊழியர் ஒருவர் கேட்டார்: "ஒதுக்குவதற்கு முன்னால் அந்த மூன்று வரிகளையும் படித்துத்தானே ஆக வேண்டும்? அப்படியானால் படித்தவை 40 என்றல்லவா நீங்கள் காட்ட வேண்டும்?"

அவர் சொன்னது சரி. நிரலைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு வரிக்கும் முதல் வேலையாக 'படித்தவை' என்ற எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுகிறேன். பிறகு வரியைப் பிரித்து, எண்களைச் சரிபார்க்கிறேன். பிழை எழுந்தால் அதைப் பிடித்து, வரியை ஒதுக்கியவை பட்டியலில் சேர்க்கிறேன். மேலிருந்து கீழாக எத்தனை முறை படித்தாலும் 40 என்றுதான் வர வேண்டும். வந்ததோ 37.

ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் எழுதிய நிரல் அது. மோனாட்களை (என்னவென்று கீழே சொல்கிறேன்) ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு ஃபங்ஷனின் டைப்பையும், அதாவது அது எதை வாங்கி எதைத் தரும் என்ற அறிவிப்பையும், செதுக்கி வைத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது என்று ஒப்புக்கொள்வதில் தயக்கமில்லை. கம்பைலர் ஏற்றுக்கொண்ட நிரல் தவறாக ஓடாது என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்த காலம்.

வழு எங்கே இருந்தது என்று சொல்வதற்கு முன்னால், மோனாட் பற்றி நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ப்ரெண்ட் யார்ஜி 2009-இல் 'மோனாட் பாட மயக்கம்' என்ற பொருள்படும் ஒரு பெயரை வைத்து இதைச் சுட்டிக்காட்டினார். ஒருவர் பல நாள் உதாரணங்களோடு மல்லுக்கட்டுகிறார். திடீரென்று ஒரு நாள் புரிகிறது. அந்தக் கணத்தில் மனத்தில் என்ன உவமை ஓடியதோ, அதுதான் தனக்குப் புரியவைத்தது என்று நம்பி, அந்த உவமையை மட்டும் எடுத்து ஊருக்குப் பாடம் எழுதுகிறார். படித்தவர்களுக்கோ ஒன்றும் விளங்குவதில்லை. புரியவைத்தது உவமை அல்ல, அந்த மல்லுக்கட்டு. நானும் 'மோனாட் ஒரு பெட்டி' என்று ஒரு காலத்தில் எழுதியவன்தான். மாறும் நிலையைக் கடத்திச் செல்லும் ஸ்டேட் மோனாட் வந்ததும் பெட்டி உடைந்துவிட்டது. அது ஒரு ஃபங்ஷன்; அதற்குள் எதை வைப்பது, எதை எடுப்பது?

இவ்வளவு எச்சரிக்கையும் செய்துவிட்டு நானும் ஓர் உவமையைத்தான் எடுக்கப்போகிறேன். ஆனால் இது தமிழ் இலக்கணத்திலேயே கிடப்பது. "கோப்பைத் திறந்து, வரியைப் படித்து, எண்ணாக மாற்றி, சேமித்தான்." திறந்து, படித்து, மாற்றி: மூன்றும் வினையெச்சங்கள். 'திறந்து' என்பதை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். யார் திறந்தது என்று அதில் இல்லை. அவனா, அவளா, நாளைக்கா என்பதெல்லாம் கடைசியில் வரும் வினைமுற்றில்தான் தெரியும். அதுவரை ஒவ்வொரு எச்சமும் அடுத்த வினைக்காகக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. கோப்பைத் திறக்க முடியாவிட்டால் என்ன ஆகும்? வாக்கியம் அதைச் சொல்வதில்லை. திறக்க முடியாவிட்டால் படிப்பதும் இல்லை என்பது அந்தக் காற்புள்ளிக்குள்ளேயே அடங்கிவிட்டது.

நிரலில் இந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு காற்புள்ளியிலும் நின்று, "வந்ததா? வராவிட்டால் திரும்பிப் போ" என்று நாமே எழுத வேண்டும். இருபது படிகள் இருந்தால் இருபது முறை எழுத வேண்டும். மோனாட் செய்வது இதுதான்: அந்தக் காற்புள்ளிக்கு என்ன பொருள் என்பதை ஒரே ஓர் இடத்தில் எழுதிவிடுகிறது. மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்பதைக் குறிக்கும் மேபியின் காற்புள்ளி 'மதிப்பு இல்லையென்றால் இங்கேயே நில்' என்கிறது. லிஸ்ட்டின் காற்புள்ளி 'வந்த ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தொடர்' என்கிறது. ஸ்டேட்டில் அது மாறிய நிலையை அடுத்த கைக்குக் கொடுக்கிறது. ஹாஸ்கெல்காரர்கள் இதையே 'நிரல்படுத்தக்கூடிய அரைப்புள்ளி' என்பார்கள். அவர்கள் பார்த்துப் பழகிய மொழிகளில் வரி முடிவது அரைப்புள்ளியில்.

வரையறை என்று பார்த்தால் இரண்டு செயல்களும் மூன்று விதிகளும்தான். முதல் செயல், சாதாரண மதிப்பு ஒன்றை எந்த விளைவும் இல்லாத கணிப்பாக மாற்றுவது. இரண்டாவது, பைண்ட். ஒரு கணிப்பையும், அதன் விடையை வாங்கிக்கொண்டு அடுத்த கணிப்பைத் தருகிற ஒரு ஃபங்ஷனையும் சேர்த்துக் கட்டுவது. ஸ்காலாவில் இதற்குப் பெயர் ஃப்ளாட்மேப், ரஸ்ட்டில் ஆண்ட்-தென். விதிகளில் முதல் இரண்டும், ஒன்றும் செய்யாத படியைத் தொடரின் முன்னாலோ பின்னாலோ ஒட்டினால் எதுவும் மாறக் கூடாது என்பவை. மூன்றாவதுதான் அன்றாடம் கைகொடுப்பது. நீண்ட தொடர் ஒன்றின் நடுவிலிருந்து நாலு வரிகளை வெட்டி எடுத்துத் தனி ஃபங்ஷனாக்கினாலும் பொருள் மாறாது என்ற உத்தரவாதம் அது. நிரலை மறுசீரமைக்கும் ஒவ்வொரு முறையும், நினைத்துக்கூடப் பார்க்காமல், அந்த விதியின்மேல்தான் நின்றுகொண்டிருக்கிறோம்.

சரித்திரத்தை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். கணிதத்தில் இந்த அமைப்பு, கோட்மான் 1958-இல் எழுதிய நூலில் 'நியமக் கட்டுமானம்' என்ற பொருளுள்ள பெயரில் இருக்கிறது. மோனாட் என்ற பெயர் பிற்பாடு வந்தது. மக் லேனின் 1971-ஆம் ஆண்டு நூல் அதை நிலைக்கவைத்தது. லைப்னிட்ஸ் என்ற தத்துவஞானியும் 1714-இல் இதே சொல்லைக் கையாண்டிருக்கிறார். அங்கே போய் ஏதாவது வெளிச்சம் கிடைக்குமா என்று ஒரு வார இறுதியைத் தொலைத்தேன், கிடைக்காது. நிரல்மொழிகளின் பொருளை விளக்க மோனாட் உதவும் என்று 1989-இல் காட்டியவர் யூஜினியோ மோஜி. அதை எடுத்து, நிரல் எழுதுகிறவனின் கைக்கருவியாக்கியவர் ஃபிலிப் வாட்லர்.

இங்கே கொஞ்சம் நிற்கலாம். ஹாஸ்கெலின் முதல் அறிக்கை 1990-இல் வெளிவந்தபோது அதில் மோனாட் இல்லை. உள்ளீடு, வெளியீடு எல்லாம் இரண்டு பட்டியல்கள் வழியாக நடந்தன. நிரல் என்பது, வெளியுலகிலிருந்து வரும் பதில்களின் பட்டியலை வாங்கிக்கொண்டு, கோரிக்கைகளின் பட்டியலைத் தருகிற ஒரு ஃபங்ஷன். பதில் வருவதற்கு முன்பே பதில்களின் பட்டியலைக் கையில் வாங்க முடிந்ததற்குக் காரணம், ஹாஸ்கெலின் சோம்பல் மதிப்பீடு: தேவைப்படும்வரை எதையும் கணிக்காமல் வைத்திருப்பது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கோரிக்கையை அனுப்பும் முன் பதிலை ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டால் போதும், நிரல் தன் வாலைத் தானே விழுங்கி நின்றுவிடும். 1993-இல் சைமன் பெய்ட்டன் ஜோன்ஸும் வாட்லரும் எழுதிய கட்டுரை மோனாட் வழியே உள்ளீடு, வெளியீட்டைச் செய்துகாட்டியது. 1996-இல் வந்த ஹாஸ்கெல் 1.3 அதையே மொழியின் முறையாக்கியது. 'இதற்குப் பின் அது' என்ற வரிசை தேவைப்பட்டது. வரிசையே இல்லாத மொழியில் அதைச் சொல்ல ஒரு வழி கிடைத்தது.

இனி என் 37-க்கு வருகிறேன்.

ஒரு மோனாட் மட்டும் போதுமென்றால் வாழ்க்கை சுலபம். எனக்கு எண்ணிக்கைகளை வைத்துக்கொள்ள ஸ்டேட் வேண்டும், பிழையைச் சொல்ல ஈதர் வேண்டும். இரண்டு மோனாட்களைச் சேர்த்தால் மூன்றாவது ஒன்று தானாகக் கிடைத்துவிடாது; பொதுவான சூத்திரம் எதுவும் கிடையாது. அதற்காக வந்தவைதான் மோனாட் டிரான்ஸ்ஃபார்மர்கள். லியாங், ஹுடாக், மார்க் ஜோன்ஸ் மூவரும் 1995-இல் எழுதிய கட்டுரை இவற்றைப் பரவலாக்கியது. ஒவ்வொன்றும் ஓர் அடுக்கு. வேண்டிய அடுக்குகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்ளலாம். ஹாஸ்கெலில் எம்டிஎல் என்ற லைப்ரரி இதற்கு மேலும் ஒரு வசதி செய்து தருகிறது. ஒரு ஃபங்ஷன் "எனக்கு நிலையும் வேண்டும், பிழை எழுப்பவும் முடிய வேண்டும்" என்று மட்டும் அறிவித்தால் போதும். எந்த அடுக்கு மேலே, எது கீழே என்று அது சொல்ல வேண்டியதில்லை. அந்த முடிவு, நிரலின் வாசலில், எல்லாவற்றையும் ஓட்டிவிடும் ஒரே ஒரு வரியில் எடுக்கப்படுகிறது.

அந்த வரியில்தான் விழுந்தேன். இரண்டு அடுக்குகளையும் இரண்டு விதமாகப் போடலாம். கிடைக்கும் டைப்புகளைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

நிலை → பிழை அல்லது (விடை, நிலை)

நிலை → (பிழை அல்லது விடை, நிலை)

வித்தியாசம் ஓர் அடைப்புக்குறியின் இடம்தான். முதல் வரியை மெதுவாகப் படியுங்கள். பிழை வந்தால் கையில் பிழை மட்டுமே மிஞ்சுகிறது. நிலை போன இடம் தெரியாது. அந்தப் பிழையை யாராவது பிடித்தால், அவர் எந்த நிலையோடு தொடர்வார்? முயற்சி தொடங்குவதற்கு முன் இருந்த பழைய நிலையோடு. வேறு எதுவும் அவரிடம் இல்லை. இரண்டாவது வரியில் நிலை அடைப்புக்குறிக்குள் பிழைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பிழை வந்தாலும் அதுவரை நடந்த மாற்றங்கள் தங்கிவிடும்.

நான் போட்டிருந்தது முதல் விதம். ஒரு கெட்ட வரி வரும்போது 'படித்தவை' 12-இலிருந்து 13 ஆகும். பிரிக்கும்போது பிழை எழும். பிழை பிடிபடும். அந்தக் கணத்தில், தரவுத்தளத்தில் பரிவர்த்தனையைத் திரும்பப்பெறுவது போல, எண்ணிக்கை சத்தமில்லாமல் 12-க்குத் திரும்பும். ஒதுக்கியவை பட்டியலில் சேர்ப்பது பிழையைப் பிடித்த பிறகு நடப்பதால் அது மட்டும் தப்பித்தது. ஆக 37, 3. கூட்டினால் 40 வந்தது தற்செயல்கூட அல்ல. அந்த வழுவின் இயல்பே அப்படி. ஒவ்வொரு முறையும் கூட்டல் சரியாக வந்து என்னைத் தூங்கவைத்தது.

ஓட்டும் வரியில் இரண்டு பெயர்களை இடம் மாற்றி, அவற்றையொட்டிச் சின்னத் திருத்தம் ஒன்றைச் செய்தேன். 40 வந்தது. மற்ற ஃபங்ஷன்களில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. கம்பைலர் அப்போதும் ஏற்றுக்கொண்டது, இப்போதும் ஏற்றுக்கொண்டது. இரண்டும் சட்டப்படி சரியான மோனாட்கள். மூன்று விதிகளையும் மீறாதவை. பிழை எழும்போது நிலை என்ன ஆக வேண்டும் என்று அந்த விதிகள் எதுவும் சொல்வதில்லை.

முதல் விதம் தவறு என்றும் சொல்லிவிட முடியாது. இலக்கணப் பகுப்பான் எழுதும்போது, ஒரு வழியில் முயன்று தோற்றால், படித்த இடத்திலிருந்து பின்வாங்கி அடுத்த வழியை முயல வேண்டும். அங்கே நிலை திரும்பிப் போவதுதான் தேவை. ஆக அடுக்கின் வரிசை வெறும் ஏற்பாடு அல்ல. நிரலின் பொருளே அதில் இருக்கிறது. 'வரிசையைப் பற்றிக் கவலைப்படாமல் எழுதலாம்' என்ற வசதியை நான் 'வரிசையால் ஒன்றும் மாறாது' என்று படித்துக்கொண்டேன். லைப்ரரி அப்படி எங்கும் சொல்லவில்லை.

இந்த அனுபவத்துக்குப் பிறகு என் பழைய நிரல்களை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். அடுத்த பூதம் ஒரு படிவத்தில் கிடைத்தது. ஐந்து கட்டங்கள். ஒவ்வொன்றையும் சரிபார்க்க ஓர் ஈதர். ஐந்தையும் மோனாட் தொடராகக் கட்டியிருந்தேன். பயனர் ஐந்திலும் தப்பாக எழுதினால் முதல் பிழையை மட்டும் காட்டும். அதைத் திருத்தி அனுப்பினால் இரண்டாவது. ஐந்து முறை அனுப்பி, ஐந்து முறை திட்டு வாங்க வேண்டும். பயன்படுத்துகிறவர் மேல் எனக்கு ஏதோ பகை என்று நினைத்திருப்பார்கள்.

இதுவும் லைப்ரரியின் குறை அல்ல. பைண்டின் வடிவத்தைத் திரும்பப் பாருங்கள். அடுத்த படி, முந்தைய படியின் விடையை வாங்கிக்கொள்ளும் ஒரு ஃபங்ஷன். முந்தையது தோற்றால் விடை இல்லை. விடை இல்லாமல் அந்த ஃபங்ஷனை அழைக்கவே முடியாது. அடுத்த கட்டத்தைச் சரிபார்த்துப் பார்க்கலாமே என்று ஆசைப்பட்டாலும் வழியில்லை. ஆனால் என் ஐந்து கட்டங்களும் ஒன்றையொன்று எதிர்பார்ப்பவை அல்ல. வயதைச் சரிபார்க்கப் பெயர் எதற்கு? இல்லாத சார்பை நானே நிரலில் எழுதி வைத்திருந்தேன். இங்கே வேண்டியது அப்ளிகேட்டிவ். கானர் மெக்பிரைடும் ராஸ் பேட்டர்சனும் 2008-இல் விரித்து எழுதிய, மோனாடைவிட பலம் குறைந்த அமைப்பு. பலம் குறைவு என்பதே அதன் பலம். படிகள் ஒன்றையொன்று சாராதவை என்பது முன்கூட்டியே தெரிவதால், எல்லாவற்றையும் ஓட்டிப் பிழைகளை மொத்தமாகச் சேர்க்கலாம்.

ஃபேஸ்புக் 2014-இல் வெளியிட்ட ஹாக்ஸல் என்ற லைப்ரரி இதே எண்ணத்தை வேறு இடத்தில் கொண்டுபோய்ப் பொருத்தியது. ஒன்றையொன்று சாராத தரவுக் கோரிக்கைகளைக் கண்டு, ஒரே கட்டாக அனுப்புவது. ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு இதன் மறுபக்கம் நன்றாகத் தெரிந்திருக்கும். சம்பந்தமே இல்லாத மூன்று வலைக் கோரிக்கைகளை மூன்று வரியில் ஒவ்வொன்றாக 'அவெய்ட்' செய்துவிட்டு (பதில் வரும்வரை காத்திருந்துவிட்டு), பக்கம் ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறது என்று தலையைச் சொறிவது. அதே தப்புத்தான், உடை வேறு.

சார்பு நிஜமாகவே இருக்கும் இடங்களும் உண்டு. இணைப்பு வழியாக ஒரு செய்தி வருகிறது. முதல் இரண்டு பைட்டுகள் செய்தியின் நீளம். பிறகு அத்தனை பைட்டுகளைப் படிக்க வேண்டும். எத்தனை என்பது முதல் படி முடிந்தால்தான் தெரியும். அப்ளிகேட்டிவால் இதைச் செய்ய முடியாது. மோனாட் தன் கூலியை உழைத்துச் சம்பாதிப்பது இங்கேதான்.

ஹாஸ்கெலுக்கு வெளியே இந்த லைப்ரரிகளை எடுத்துச் செல்வது பற்றி என் கருத்து வருடா வருடம் கடுமையாகிக்கொண்டே வந்திருக்கிறது. ஸ்காலாவில் கேட்ஸ் போன்ற லைப்ரரி பொருந்தி உட்காருகிறது. மொழியிலேயே அதற்கான வாக்கிய அமைப்பு இருக்கிறது. சி ஷார்ப்பில் 2007-இல் வந்த லிங்க் வினவல் தொடர், மோனாட் என்று யாரும் சொல்லாமலேயே லட்சக்கணக்கானவர்களை மோனாட் எழுதவைத்தது. ரஸ்ட் இன்னும் சாமர்த்தியம். 2016-இல் 1.13 பதிப்பில் வந்த கேள்விக்குறி, பிழைக்கான காற்புள்ளியை ஒரே குறியில் முடித்துவிட்டது. பொதுவான மோனாட் என்ற பேச்சே அங்கே இல்லை, யாரும் அதற்காக அழவும் இல்லை. ஜாவாவின் ஆப்ஷனல், மேப் செய்யும் ஃபங்ஷன் நல் (மதிப்பே இல்லை என்பதன் குறி) திருப்பினால் மெல்ல வெற்றாகிவிடும். இரண்டு மேப்களை ஒன்றாக்கினால் விடை மாறக்கூடிய இடம் அது. பின்னால் வரப்போகும் விடையைக் குறிக்கும் ஜாவாஸ்கிரிப்ட்டின் பிராமிஸ், 'தென்' என்ற பெயரில் ஒரு ஃபங்ஷன் வைத்திருக்கும் எந்தப் பொருளையும் தன் இனம் என்று நினைத்து அழைத்துப் பார்க்கும். கணிதப்படி மோனாட் ஆகாததற்கு இது காரணம். நடைமுறையில் இதனால் துன்பப்பட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

டைப்ஸ்கிரிப்ட்டில்தான் நான் அடி வாங்கினேன். ஒரு குழுவில் பிடிவாதம் பிடித்து, மோனாட் லைப்ரரி ஒன்றைக் கொண்டுவந்தேன். படிகளைக் கோக்க மொழியில் தனி அமைப்பு இல்லாததால் அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக உள்ளே போய்க்கொண்டே இருந்தது. டைப்பை வாங்கி டைப்பைத் தரும் ஒன்றை அளவுருவாகக் கொடுக்க அந்த மொழியில் நேர்வழி கிடையாது. லைப்ரரி அதைச் சாதுரியமாக நடித்துக் காட்டுகிறது. நடிப்பு எங்காவது தடுக்கினால் அரைப் பக்கத்துக்குப் பிழைச்செய்தி வரும். நான் ஊரில் இல்லாத ஒரு வாரத்தில், அவசரத் திருத்தம் ஒன்றைச் செய்ய நேர்ந்தவர் அந்த அரைப் பக்கத்தோடு ஒரு நாள் முழுக்க மாரடித்திருக்கிறார். திரும்பி வந்ததும் லைப்ரரியை நானே எடுத்தேன். ரிசல்ட் டைப் ஒன்றையும் அதற்கு வேண்டிய நாலு ஃபங்ஷன்களையும் கையால் எழுதினேன். ஐம்பது வரிகூட வரவில்லை. எங்களுக்குத் தேவையாக இருந்தது அவ்வளவுதான்.

முதலில் சொன்ன ஹாஸ்கெல் நிரலையும் பிறகு திருத்தி எழுதிவிட்டேன். அடுக்குகள் போய்விட்டன. இப்போது மிச்சம், படிக்க மட்டுமான தகவலைக் கடத்தும் ஒரே ஒரு ரீடர், அதன் கீழே உள்ளீடு, வெளியீட்டுக்கான ஐஓ. எண்ணிக்கைகள் மாற்றத்தக்க குறிப்புகளில் இருக்கின்றன. விதிவிலக்கு எங்கே எழுந்தாலும், கூட்டிய ஒன்று கூட்டிய இடத்திலேயே இருக்கும். அழகு என்று சொல்ல மாட்டேன். அந்த 37-ஐக் கண்டுபிடித்த அதே சக ஊழியர்தான் மறுபார்வை செய்தார். "மாற்றத்தக்க மாறியா? இதற்காகவா இத்தனை வருடம் ஹாஸ்கெல் படித்தீர்கள்?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் அடுத்த கோப்பைத் திறந்தேன்.

40 வரிகள் கொண்ட அந்தக் கோப்பு இன்னும் சோதனைத் தொகுப்பில் இருக்கிறது. போன மாதம் அவர் அதன் கடைசியில் வெற்று வரி ஒன்றைச் சேர்த்து வைத்திருக்கிறார். வெற்று வரி படித்ததில் சேருமா, ஒதுக்கியதில் சேருமா, இரண்டிலும் சேராதா என்று எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை.